ஃபுளோரின், குளோரின் உள்ள கனிமங்களில் ஆக்சிஜனை எங்கே கழிப்பது, எங்கே கழிக்கக் கூடாது?

கேள்வி சுருக்கமாக இதுதான். மைக்ரோப்ரோப்பில் (எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, வெளிவரும் எக்ஸ்-கதிரை வைத்துத் தனிமங்களை அளக்கும் கருவி) அப்பட்டைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமத்தை அளந்தால் ஆக்சைடுகளும் ஃபுளோரினும் சேர்ந்து மொத்தம் 101.6 எடைச் சதவீதம் வருகிறது. ஃபுளோரினுக்கு ஈடான ஆக்சிஜனைக் கழிக்கச் சொல்கிறார்கள். மொத்தத்தில் மட்டும் கழித்தால் போதுமா? கனிம வாய்பாடு போடும்போதும் கழிக்க வேண்டுமா? மென்பொருள் ஏற்கெனவே கழித்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கழிக்க வேண்டிய இடங்கள் மூன்று. அட்டவணையின் மொத்தம், மேட்ரிக்ஸ் திருத்தம் (மாதிரியே எக்ஸ்-கதிரை உட்கவர்வது போன்ற விளைவுகளைச் சரிசெய்வது) சுற்றிச் சுற்றி ஓடும் கணக்கு, ஸ்டாண்டர்டின் (ஒப்பீட்டுக்கு வைக்கும், சேர்மானம் தெரிந்த பொருளின்) சேர்மானப் பதிவு. பெரும்பாலான கனிமங்களுக்குக் கழிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. நிலையான ஆக்சிஜன் எண்ணிக்கையை அடிப்படையாக வைத்து வாய்பாடு போடும் இடம் அது. முதல் இடத்தை எல்லோரும் சரியாகச் செய்துவிடுவார்கள். மற்ற மூன்றில்தான் கணக்கு கெடுகிறது.

இல்லாத ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது

வழக்கமான சிலிகேட், பாஸ்பேட் பகுப்பாய்வில் ஆக்சிஜனை யாரும் நேரடியாக அளப்பதில்லை. கால்சியத்தை அளக்கிறோம், அது கால்சியம் ஆக்சைடாக இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்குரிய ஆக்சிஜனை நாமே சேர்க்கிறோம். பாஸ்பரஸ், சிலிக்கன், இரும்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு நேரயனியின் மின்னூட்டத்தையும் ஆக்சிஜன் மட்டுமே ஈடுகட்டுகிறது என்பது இதற்குள் ஒளிந்திருக்கும் அனுமானம். ஃபுளோரின் இருந்தால் அந்த அனுமானம் உடைகிறது. மின்னூட்டத்தின் ஒரு பகுதியை ஃபுளோரின் ஈடுகட்டுகிறது. ஆனால் அந்தப் பகுதிக்கும் நாம் ஆக்சிஜனைச் சேர்த்துவிட்டோம். மேலே ஃபுளோரினையும் அளந்து கூட்டுகிறோம். ஒரே மின்னூட்டத்துக்கு இரண்டு எதிரயனிகள் கணக்கில் ஏறிவிடுகின்றன.

ஆக்சிஜனின் மின்னூட்டம் இரண்டு, ஃபுளோரினுக்கு ஒன்று. ஆகவே இரண்டு ஃபுளோரின் அணுக்களுக்கு ஓர் ஆக்சிஜன் அணு அதிகப்படி. எடைக் காரணி 15.999 ÷ (2 × 18.998) = 0.4211. குளோரினுக்கு 15.999 ÷ (2 × 35.453) = 0.2256. புரோமினுக்கு 0.1001, அயோடினுக்கு 0.0630. அளந்த ஹாலஜனின் (ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றின் பொதுப்பெயர்) எடைச் சதவீதத்தை இந்தக் காரணியால் பெருக்கினால் கழிக்க வேண்டிய ஆக்சிஜன் வரும். சல்பைடு வடிவத்தில் கந்தகம் உள்ள கனிமங்களுக்கும், உதாரணமாக ஹெல்வைட்டுக்கும், இதே தர்க்கம்தான். அங்கே கந்தகத்தின் மின்னூட்டமும் இரண்டு என்பதால் ஓர் அணுவுக்கு ஓர் அணு, காரணி 0.499. ஆனால் அப்பட்டைட்டில் கந்தகத்தைச் சல்ஃபேட்டாகக் கணக்கிட்டிருந்தால் அதற்குக் கழிவு கிடையாது.

கலப்பில்லாத ஃபுளோர்அப்பட்டைட்டில், அதாவது கால்சியம் 5, பாஸ்பேட் 3, ஃபுளோரின் 1 என்ற வாய்பாட்டில், கால்சியம் ஆக்சைடு 55.60, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 42.22, ஃபுளோரின் 3.77. கூட்டினால் 101.59. ஃபுளோரினுக்கான கழிவு 3.77 × 0.4211 = 1.59. மிச்சம் சரியாக 100. உங்கள் 101.6 எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே பதில். கருவியில் கோளாறு இல்லை.

கனிமத்துக்குக் கனிமம் இந்த அளவு வெகுவாக மாறும். ஃபுளோரின் மட்டுமே உள்ள டோபாஸில் 20.65 சதவீதம் ஃபுளோரின், கழிவு 8.70. ஃபுளோர்ஃப்ளோகோபைட்டில் 9.02; கழிவு 3.80. சோடலைட்டில் குளோரின் 7.3 இருந்தும் கழிவு 1.65தான், ஏனென்றால் குளோரின் அணு கனமானது. 0.1 சதவீதம் ஃபுளோரின் உள்ள எரிமலைக் கண்ணாடியில் கழிவு 0.04, அதைப் பற்றி நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

மேட்ரிக்ஸ் திருத்தத்துக்குள் கழிப்பது ஏன் முக்கியம்

மொத்தத்தில் மட்டும் கடைசியாகக் கழித்தால் அட்டவணை அழகாக 100-க்கு வந்துவிடும். ஆனால் அதற்கு முன்பே பாதிப்பு நடந்து முடிந்திருக்கும். எக்ஸ்-கதிர்ச் செறிவைத் தனிமங்களின் எடைச் சதவீதமாக மாற்றும் மேட்ரிக்ஸ் திருத்தம், மாதிரியில் என்னென்ன தனிமம் எவ்வளவு இருக்கிறது என்ற மதிப்பீட்டை வைத்துத்தான் உட்கவர்தலைக் கணக்கிடுகிறது. அந்த மதிப்பீட்டில் இல்லாத ஆக்சிஜன் உட்கார்ந்திருந்தால், இல்லாத ஆக்சிஜன் எக்ஸ்-கதிரை உட்கவர்வதாகக் கணக்கு ஓடும்.

இதில் அதிகம் அடிபடுவது ஃபுளோரினேதான். ஃபுளோரினை அளக்கப் பயன்படும் எக்ஸ்-கதிர் வரியான கே ஆல்ஃபாவின் ஆற்றல் 0.677 கிலோ எலக்ட்ரான்வோல்ட். ஆக்சிஜனின் கே உட்கவர் விளிம்பு அதற்குச் சற்றுக் கீழே, சுமார் 0.53-இல் இருக்கிறது. விளிம்புக்குச் சற்று மேலே உள்ள கதிரை ஒரு தனிமம் மிக வலுவாக உட்கவரும். ஆகவே ஃபுளோரின் கதிரை ஆக்சிஜன் நன்றாக விழுங்குகிறது. ஃபுளோரினோ தன் கதிரைத் தானே அவ்வளவாக உட்கவர்வதில்லை, ஏனென்றால் அதன் வரி அதன் விளிம்புக்குக் கீழே விழுகிறது. ஃபுளோரின் இருக்கும் இடத்தில் அதிகப்படி ஆக்சிஜனையும் கணக்கில் வைத்தால் உட்கவர்தல் திருத்தம் தேவைக்கு மேல் போகும். ஃபுளோரின் மதிப்பு உயர்ந்து வெளிவரும்.

அப்படி உயர்ந்த ஃபுளோரினை மொத்தம் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. ஃபுளோரின் 1 சதவீதம் கூடினால் அதற்கான கழிவும் 0.42 கூடும், நிகர மொத்தத்தில் 0.58 மட்டுமே ஏறும். இந்த வகைப் பிழையை மொத்தம் பாதி மறைத்துவிடுகிறது.

சரியான முறை இது. ஒவ்வொரு சுற்றிலும் நேரயனிகளிலிருந்து ஆக்சிஜனைக் கணக்கிட வேண்டும். அந்தச் சுற்றில் கிடைத்த ஃபுளோரின், குளோரினுக்கு ஈடான ஆக்சிஜனை உடனே கழிக்க வேண்டும். மீதியோடு அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். ஹாலஜன் மதிப்பு சுற்றுக்குச் சுற்று மாறுவதால் கழிவும் கூடவே மாறும். சில மென்பொருள்களில் இது ஒரு தேர்வாக இருக்கும். அதை இயக்கினால்தான் நடக்கும். சிலவற்றில் ஆக்சைடாகப் பதிவு செய்த தனிமங்களுக்கு ஆக்சிஜன் போடுவதோடு கணக்கு நின்றுவிடும். ஃபுளோரின் வெறும் தனிமமாகப் பக்கத்தில் நிற்கும்.

உங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளக் கையேட்டைப் புரட்டுவதைவிட ஃபுளோரைட் சோதனை சுலபம். ஃபுளோரைட்டில் கால்சியம் 51.33, ஃபுளோரின் 48.67; ஆக்சிஜன் அறவே கிடையாது. அதைத் தெரியாத மாதிரியாக வைத்து, கால்சியத்தை வேண்டுமென்றே ஆக்சைடாகப் பதிவு செய்து அளந்து பாருங்கள். கழிவே நடக்கவில்லை என்றால் கால்சியம் ஆக்சைடு 71.82-உம் ஃபுளோரினும் கூடி மொத்தம் 120.5-ஐ ஒட்டி நிற்கும். ஃபுளோரின் உயர்ந்திருந்தால் அதற்கும் மேலே போகும். ஒருமுறை சரியாகக் கழித்திருந்தால் 100. மென்பொருள் ஒருமுறை கழித்து, உங்கள் எக்செல் தாள் இன்னொரு முறை கழித்தால் 79.5. இரட்டைக் கழிவு அப்பட்டைட்டில் வெறும் 1.6 சதவீதக் குறையாகத் தெரியும். தண்ணீர் இருக்கும் என்று சொல்லி யாரும் கடந்துபோய்விடலாம். ஃபுளோரைட்டில் அது ஒளிய முடியாது.

மொத்தம் 100 வந்தாலும் சோதனை அதோடு முடியவில்லை. ஃபுளோரின் மதிப்பைத் தனியாகப் பாருங்கள். மொத்தம் 100-ஐ ஒட்டியே இருந்து ஃபுளோரின் 48.67-க்குத் தெளிவாக மேலே நின்றால், கழிவு கடைசி வரிசையில் மட்டும் நடக்கிறது, உள்ளே நடக்கவில்லை என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஃபுளோரின் ஸ்டாண்டர்டாக அதே ஃபுளோரைட்டைப் பயன்படுத்தாமல் மக்னீசியம் ஃபுளோரைடைப் பயன்படுத்துவது நல்லது. அதில் ஃபுளோரின் 60.99 சதவீதம். இரண்டுக்கும் ஒரே கனிமம் என்றால் ஒரு பிழையை இன்னொரு பிழை அடித்துவிடக்கூடும்.

ஸ்டாண்டர்டின் பதிவு

இதை அநேகமாக யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மெக்சிகோவின் துராங்கோ அப்பட்டைட் பல ஆய்வகங்களில் கால்சியம், பாஸ்பரஸ், ஃபுளோரினுக்கு ஸ்டாண்டர்டு. அதன் வெளியிடப்பட்ட ஈரவழிப் பகுப்பாய்வில் (மாதிரியைக் கரைத்து அளக்கும் வேதி முறையில்) கால்சியம் ஆக்சைடு 54.02, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 40.78, ஃபுளோரின் 3.53, குளோரின் 0.41. இந்த எண்களை ஆக்சைடாகவே தட்டச்சு செய்து தரவுத்தளத்தில் ஏற்றினால், மென்பொருள் எல்லா நேரயனிக்கும் முழு ஆக்சிஜன் போட்டு வைத்துக்கொள்ளும். கழிக்க வேண்டியது 3.53 × 0.4211 + 0.41 × 0.2256 = 1.58 சதவீதம் ஆக்சிஜன். அது கழியாமல் பதிவாகியிருந்தால், அந்த ஸ்டாண்டர்டை வைத்து அளக்கும் ஒவ்வொரு மாதிரியிலும் அந்தப் பிழை ஊடாடும்.

ஆகவே ஹாலஜன் உள்ள ஒவ்வொரு ஸ்டாண்டர்டின் பதிவையும் திறந்து, ஆக்சைடு வடிவில் அல்லாமல் தனிம வடிவில் கூட்டிப் பாருங்கள். துராங்கோ அப்பட்டைட், டோபாஸ், சோடலைட், ஸ்கேப்பலைட், டக்டுபைட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மொத்தம் 100-க்கு மேல் கழிவுத் தொகை அளவுக்கு நீண்டால் ஆக்சிஜன் வரிசையைக் கையால் திருத்துங்கள். டக்டுபைட்டில் பெரிலியம் இருப்பதையும் மறக்க வேண்டாம். அதையும் அதற்குரிய ஆக்சிஜனையும் பதிவில் சேர்த்தே வைக்க வேண்டும்.

வாய்பாடு போடும்போது

இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். கால்சியம் ஆக்சைடு 55.00, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 41.80, ஃபுளோரின் 2.40, குளோரின் 0.60. ஹைட்ராக்சிலை (OH) அளக்க முடியாது. எலக்ட்ரான் கற்றைக்கு ஹைட்ரஜன் எக்ஸ்-கதிர் தராது.

மோல் கணக்கு: கால்சியம் 55.00 ÷ 56.077 = 0.9808. பாஸ்பரஸ் பென்டாக்சைடு 41.80 ÷ 141.943 = 0.2945, அதில் பாஸ்பரஸ் அணு 0.5890. நேரயனிகளுக்குரிய ஆக்சிஜன் கால்சியத்தோடு 0.9808, பாஸ்பரஸோடு 1.4724, கூடுதல் 2.4532. ஃபுளோரின் 0.1263, குளோரின் 0.0169.

இனி எந்த எண்ணிக்கைக்கு இயல்பாக்குவது, அதாவது மோல்களை ஒரே காரணியால் பெருக்கி வாய்பாட்டு எண்களாக மாற்றுவது? அப்பட்டைட்டின் வாய்பாட்டில் கால்சியம் 5-க்கு மின்னூட்டம் 10, பாஸ்பரஸ் 3-க்கு 15, மொத்தம் 25. இதற்கு ஈடான ஆக்சிஜன் 12.5. ஹாலஜன் இடத்தில் ஃபுளோரின் இருந்தாலும், குளோரின் இருந்தாலும், ஹைட்ராக்சில் இருந்தாலும் அந்த இடத்தின் மின்னூட்டம் ஒன்றுதான். ஆகவே நேரயனிகளின் மின்னூட்டம் எப்போதும் 25. அதனால் கழிக்காத ஆக்சிஜனை, அதாவது 2.4532-ஐ, 12.5-க்கு இயல்பாக்க வேண்டும். காரணி 5.0954. கால்சியம் 4.998, பாஸ்பரஸ் 3.001, ஃபுளோரின் 0.644, குளோரின் 0.086. ஹைட்ராக்சில் 1-இல் மிச்சம்: 0.270. அதைத் தண்ணீராக மாற்றினால் 0.48 சதவீதம்.

மொத்தத்தை இப்போது போடலாம். ஆக்சைடுகளும் ஹாலஜன்களும் 99.80, தண்ணீர் 0.48, கூடுதல் 100.28. கழிவு ஃபுளோரினுக்கு 1.01, குளோரினுக்கு 0.14. நிகர மொத்தம் 99.13. நல்ல பகுப்பாய்வு.

இங்கே ஆக்சிஜனை முதலிலேயே கழித்துவிட்டு 12.5-க்கு இயல்பாக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆக்சிஜன் 2.3816 ஆகக் குறையும், காரணி 5.2486 ஆக ஏறும், கால்சியம் 5.148, பாஸ்பரஸ் 3.091. பாஸ்பரஸ் இடத்தில் மூன்றுக்கு மேல் இடமே இல்லை. இப்படி ஒரு வாய்பாடு வந்தால் அப்பட்டைட்டில் விசித்திரமான பதிலீடு ஏதோ இருக்கிறது என்று தேடிப்போக வேண்டாம். கழிவு தவறான இடத்தில் நடந்திருக்கிறது.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. கழித்த ஆக்சிஜனோடு ஃபுளோரினையும் குளோரினையும் கூட்டி, எதிரயனிகள் மொத்தம் 13 என்று இயல்பாக்குவது. பார்க்க நியாயமாகத் தெரியும், ஏனென்றால் வாய்பாட்டில் 12 ஆக்சிஜனும் ஒரு ஹாலஜனும் இருக்கின்றன. ஹைட்ராக்சிலே இல்லாத ஃபுளோர்அப்பட்டைட்டுக்கு அது சரியாகவும் வரும். நம் மாதிரிக்கோ கால்சியம் 5.050, பாஸ்பரஸ் 3.033 என்று வருகிறது. காரணம், அளக்காத ஹைட்ராக்சிலின் மின்னூட்டத்துக்கு நம் கணக்கு அரை ஆக்சிஜன்தான் வைத்திருக்கிறது. உண்மையில் அங்கே இருப்பது முழு ஓர் எதிரயனி. 0.27 ஹைட்ராக்சிலுக்குப் பாதி, 0.135 எதிரயனி, கணக்கில் விடுபட்டுப்போகிறது. 13-க்கு இயல்பாக்கியே தீர வேண்டும் என்றால், ஹைட்ராக்சிலை மதிப்பிட்டுச் சேர்த்து, மறுபடி இயல்பாக்கி, மதிப்பு அசையாத வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். அந்த உழைப்பின் முடிவில் கிடைப்பதும் 12.5 முறை ஒரே வீச்சில் தருவதும் ஒன்றே.

இதே வழியில் மற்ற கனிமங்களின் அடிப்படை எண்ணையும் மின்னூட்டத்திலிருந்து பெறலாம். மைக்காவுக்கு மின்னூட்டம் 22, ஆக்சிஜன் 11. ஆம்பிபோலுக்கு 46, ஆக்சிஜன் 23. டோபாஸுக்கு 10, ஆக்சிஜன் 5. சோடலைட்டுக்கு 50, ஆக்சிஜன் 25. ஒற்றை மின்னூட்ட எதிரயனிகளுக்கென்று தனி இடமும், அந்த இடங்களுக்கு மாறாத எண்ணிக்கையும் உள்ள கனிமங்கள் இவை. இவற்றுக்கெல்லாம் கழிக்காத ஆக்சிஜன்தான்.

டைட்டனைட் அப்படியல்ல. அதில் ஃபுளோரின் அமர்வது ஆக்சிஜனின் இடத்திலேயே. டைட்டானியமும் ஆக்சிஜனும் வெளியேற, அலுமினியமும் ஃபுளோரினும் உள்ளே வருகின்றன. கலப்பில்லாத டைட்டனைட்டில் நேரயனி மின்னூட்டம் 10; அலுமினியம்-ஃபுளோரின் முனையில் 9. மின்னூட்டமே மாறும்போது ஐந்து ஆக்சிஜனுக்கு இயல்பாக்குவது பொருந்தாது. சிலிக்கன் 1 என்றோ, நேரயனிகள் மொத்தம் 3 என்றோ இயல்பாக்குங்கள். ஹைட்ராக்சில் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கழித்த ஆக்சிஜனையும் ஃபுளோரினையும் கூட்டி 5 என்று வைக்கலாம். டைட்டானியம் உள்ள கிளினோஹியூமைட்டிலும் இதே சிக்கல். அங்கே நேரயனி 13 என்பது பாதுகாப்பான அடிப்படை. ஸ்கேப்பலைட்டில் குளோரினோடு கார்பனேட்டும் வருவதால் சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து 12 என்பதே நடைமுறை.

ஆம்பிபோலில் இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. இரும்பு முழுவதையும் இரண்டு மின்னூட்டமாக வைத்து, நேரயனி எண்ணிக்கையிலிருந்து மூன்று மின்னூட்ட இரும்பைக் கண்டுபிடிக்கும் முறைகள் எல்லாம் ஆக்சிஜன் அடிப்படையை நம்பியே நிற்கின்றன. 2 சதவீதம் ஃபுளோரின் உள்ள ஹார்ன்பிளெண்டில் தவறுதலாக ஆக்சிஜனைக் கழித்துவிட்டு 23-க்கு இயல்பாக்கினால், நேரயனிகள் எல்லாம் சுமார் 2 சதவீதம் வீங்கும். 15 நேரயனி 15.3 ஆகும். அந்த வீக்கத்தைச் சரிக்கட்ட, ஒரு வாய்பாட்டுக்கு ஏறக்குறைய 0.9 அணு அளவு இல்லாத மூன்று மின்னூட்ட இரும்பு முளைத்துவிடும். அதை வைத்து ஆக்சிஜனேற்ற நிலை பற்றி எழுதும் வரி ஒவ்வொன்றும் பிழையாகும். ஆம்பிபோலிலும் பயோட்டைட்டிலும் ஹைட்ராக்சிலை 2-இல் ஃபுளோரினையும் குளோரினையும் கழித்து மட்டும் பெறுவதில் இன்னொரு வரம்பும் உண்டு. டைட்டானியம் நிறைந்தவற்றில் அந்த இடத்தில் ஆக்சிஜனும் அமரும். அப்போது மதிப்பிட்ட தண்ணீர் உண்மையைவிடக் கூடும்.

ஃபுளோரின் மதிப்பே தவறாக இருந்தால்

கழிவு ஃபுளோரினைப் பின்தொடர்கிறது. ஃபுளோரின் பொய்யானால் கழிவும் பொய். எந்தெந்த இடத்தில் பொய்க்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஃபுளோரின் கே ஆல்ஃபாவின் அலைநீளம் 18.32 ஆங்ஸ்ட்ராம். இரும்பின் எல் ஆல்ஃபா 17.59. எக்ஸ்-கதிரை அலைநீளப்படி பிரிக்கும் படிகங்களில் அதிக எண்ணிக்கை தரும் பல்லடுக்குப் படிகத்தில் முகடுகள் அகலமாக இருப்பதால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஃபுளோரினே இல்லாத மேக்னடைட் ஃபுளோரின் காட்டுவது இதனால்தான். இரும்பு நிறைந்த பயோட்டைட்டுக்கும் ஆம்பிபோலுக்கும் டிஏபி (TAP, தாலியம் அமில தாலேட்) படிகத்தைப் பயன்படுத்துங்கள். எண்ணிக்கை குறையும், எண்ணும் நேரத்தை நீட்டிக்கொள்ளலாம். பல்லடுக்குப் படிகம்தான் கையில் இருக்கிறது என்றால், ஃபுளோரின் இல்லாத இரும்புக் கனிமத்தை வைத்து மேற்படிவுத் திருத்தம் (இரும்பு வரியின் பங்கைக் கழிப்பது) செய்யாமல் எண்ணை நம்ப வேண்டாம். ஆற்றல் பிரிகை முறையில் (EDS) அளப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமை.

மோனசைட், பாஸ்ட்னசைட், அல்லனைட்டில் சீரியத்தின் எம் சீட்டா வரி 18.35-இல், ஃபுளோரினுக்கு மேலேயே விழுகிறது. இதை எந்தப் படிகமும் பிரித்துத் தராது. கணக்கால்தான் திருத்த வேண்டும். அப்பட்டைட்டில் பாஸ்பரஸ் கே ஆல்ஃபாவின் மூன்றாம் வரிசை 18.47-இல் வரும். அதன் ஆற்றல் ஃபுளோரினைப்போல் மூன்று மடங்கு என்பதால் துடிப்பு உயரச் சாளரத்தை (குறிப்பிட்ட ஆற்றல் வரம்பில் உள்ள கதிரை மட்டும் எண்ணும் அமைப்பை) சரியாகப் போட்டால் பெரும்பகுதி விலகிவிடும்.

பிறகு கற்றையால் வரும் கேடு. அப்பட்டைட் படிகத்தின் நீளவாட்டு அச்சான சி அச்சு கற்றைக்கு இணையாக இருக்கும்போது ஃபுளோரின் எண்ணிக்கை தொடக்கத்தில் ஏறிப் பின்பு மாறுகிறது என்பதை ஸ்டார்மரும் இணை ஆய்வாளர்களும் 1993-இல் காட்டினார்கள். படிகத்துக்குள் சி அச்சு வழியே ஓடும் சேனலில் ஹாலஜன் நகர்வதே காரணம். ஆகவே முடிந்தவரை சி அச்சு தளத்தில் படுத்திருக்கும் துகளைத் தேர்ந்தெடுங்கள். கற்றையை 10 மைக்ரானாவது விரியுங்கள். மின்னோட்டத்தைச் சில நானோ ஆம்பியருக்கு இறக்குங்கள். ஃபுளோரினையும் குளோரினையும் முதலில் அளந்துவிட்டுத்தான் மற்ற தனிமங்களுக்குப் போக வேண்டும். எண்ணிக்கையை நேரத்துக்கு எதிராகப் பதிவு செய்து, தொடக்க நேரத்துக்கு நீட்டிப் பெறுவது இன்னும் நம்பகம். 10 கிலோவோல்ட்டில் அளந்தால் கதிர் ஆழத்திலிருந்து வராது. உட்கவர்தல் திருத்தமும் சிறியதாகும்.

ஃபுளோரினும் குளோரினும் சேர்ந்து வாய்பாட்டில் 1.00-ஐப் பிழை வரம்புக்கு மேல் தாண்டினால் மேலே சொன்ன காரணங்களில் ஒன்றைத் தேடுங்கள். ஆக்சிஜன் கழிவைக் கூட்டிக் குறைத்து அதைச் சரிக்கட்டுவது தவறு. குளோரின் மட்டும் விளிம்பை நோக்கி ஏறினால், அல்லது விரிசலின் அருகில் ஏறினால், மாதிரியைப் பொதிந்திருக்கும் எப்பாக்ஸிப் பிசினைச் சந்தேகியுங்கள். பல பிசின்களில் குளோரின் இருக்கிறது. கார்பன் பூச்சும் ஃபுளோரின் கதிரை உட்கவரும். ஸ்டாண்டர்டுக்கும் மாதிரிக்கும் ஒரே தடிமன் இருக்க வேண்டும், ஒரே தடவையில் பூசுவதே நல்லது.

மொத்தம் ஏமாற்றும் இடங்கள்

லித்தியம் மைக்கா இதற்கு நல்ல உதாரணம். கலப்பில்லாத பாலிலித்தியோனைட்டில் ஃபுளோரின் 9.74, லித்தியம் ஆக்சைடு 7.66 சதவீதம். வழக்கமான மைக்ரோப்ரோப்பால் லித்தியத்தை அளக்க முடியாது. கழிவு செய்யாமல் கூட்டினால் மொத்தம் 96.4 வரும். தண்ணீர் உள்ள மைக்காவுக்கு 95, 96 வருவது இயல்பு என்பதால் எல்லாம் சரி என்று தோன்றும். உண்மையில் 4.10 கழித்தால் 92.3, லித்தியம் இல்லாத குறை அப்போதுதான் கண்ணில் படும். மொத்தம் எதிர்பார்த்த இடத்தில் நிற்பது கழிவைத் தவிர்க்கக் காரணம் ஆகாது.

தண்ணீரை வித்தியாசத்தில் கணக்கிடும் எரிமலைக் கண்ணாடியில், 100-இலிருந்து கழிக்க வேண்டியது ஹாலஜன் திருத்திய மொத்தத்தை. திருத்தாத மொத்தத்தைக் கழித்தால் தண்ணீர் அந்த அளவுக்குக் குறைந்து வரும். ஃபுளோரின் 1 சதவீதம் உள்ள கண்ணாடியில் அது 0.42 சதவீதத் தண்ணீர், சிறியதல்ல.

ஆற்றல் பிரிகை முறையில் மொத்தத்தை 100-க்குச் சரிக்கட்டித் தரும் மென்பொருள்கள் இந்தப் பிழையை முற்றாக மறைக்கும். கழிவின்றி 101.59 வந்த ஃபுளோர்அப்பட்டைட் 100-க்குச் சுருங்கும்போது கால்சியம் ஆக்சைடு 55.60-இலிருந்து 54.73 ஆகிவிடும். சரிக்கட்டாத எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஆக்சிஜனையே நேரடியாக அளந்தால் கழிவுக்கு வேலை இல்லை. அளந்தது உண்மையாக இருக்கும் ஆக்சிஜன்தான். அப்போது மென்பொருளின் ஹாலஜன் கழிவை நிறுத்திவைக்க வேண்டும். ஒப்பிடும்போது மட்டும் நேரயனிகளிலிருந்து வரும் ஆக்சிஜனில் ஹாலஜன் ஈட்டைக் கழித்து, அதை அளந்ததோடு வைத்துப் பாருங்கள். அளந்தது கூடுதலாக இருந்தால் தண்ணீரோ, மூன்று மின்னூட்ட இரும்போ, அளக்காத ஒரு நேரயனியோ இருக்கிறது.

அட்டவணையை வெளியிடும்போது ஃபுளோரின், குளோரின் வரிசைகளுக்குக் கீழே கழித்த ஆக்சிஜனைத் தனி வரிசையாக, குறைக்குறியோடு காட்டுங்கள். அதற்குக் கீழே நிகர மொத்தம். தண்ணீர் கணக்கிட்டது என்றால் அப்படியே குறிப்பிடுங்கள். வாய்பாட்டின் அடிப்படையை "12.5 ஆக்சிஜன் ஈடு, ஹாலஜன் கழிவுக்கு முன்" என்று முழுமையாக எழுதுங்கள். வெறும் "12.5 ஆக்சிஜன்" என்று எழுதினால் படிப்பவர் எந்த ஆக்சிஜன் என்று ஊகிக்க நேரிடும். மேட்ரிக்ஸ் திருத்தத்துக்குள் கழிவு நடந்ததா என்பதையும் செய்முறைப் பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். டோபாஸ், ஃபுளோர்ஃப்ளோகோபைட் போன்றவற்றில் அந்த ஒரு வரி இல்லாமல் ஃபுளோரின் மதிப்பை வேறு ஆய்வகத்தின் மதிப்போடு ஒப்பிட வழியில்லை.